காட்டுவழியும் எழுத்துவழியும்: மாத்தளையூடான பயண எழுத்துக்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆபிரிக்காவின் தென்பகுதியிலே வனவிலங்கு காணும் உல்லாசப் பயணமொன்றை மேற்கொள்ள விரும்புவோருக்கு வழிகாட்டி நூல்கள் பல உள. எம்மாதத்திற் செல்லுதல் நன்று, எந்நோய்க்கு முற்காப்பு மருந்து கொள்ளல் வேண்டும், குரூகர் தேசியப் பூங்காவிலிருந்து விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் போவது எவ்வாறு, ஒக்கவாங்கோச் சதுப்பிலே வள்ளத்திற் செல்லும்போது கவனிக்க வேண்டியவை எவை என்பனவெல்லாம் அவற்றிலே நிரற்படுத்தப்பட்டிருக்கும். மே முதல் ஒற்றோபர் வரை நீளும் வறட்சிக் காலத்தில் புல் காய்ந்து குட்டைகள் வற்ற, எஞ்சிய நீர்நிலைகளை நாடி விலங்குகள் திரளுமாதலால், அதுவே காட்சிக்கு உகந்த காலமென அந்நூல்கள் கூறும். வறட்சி என்பது அங்கு வாழ்வார்க்கு இடர். வந்து போவார்க்கு வாய்ப்பு. இவ்வகை எழுத்தின் இயல்பை உணர்வதற்கு இவ்வொரு முரணே போதுமானது.

இம்முரணை அறிவதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மாத்தளை மாவட்டமும் இன்று இவ்வகைப் பயணத்தின் நிலமே. சிகிரியாக் குன்றும் தம்புள்ளைக் குகை விகாரையும் இம்மாவட்டத்தில் உள்ளன. முன்னது 1982இலும் பின்னது 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபகுதியும் றிவஸ்டன் கணவாயும் மலையேறுவோரை ஈர்க்கின்றன. மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் இடைப்பட்ட வஸ்கமுவ 1938இல் இறுக்கமான இயற்கை ஒதுக்கிடமாகவும் 1984இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கே யானை காண்பதற்கு ஜீப் வண்டிகள் காத்து நிற்கின்றன. தென் ஆபிரிக்க வழிகாட்டி நூல் கூறும் ஆலோசனைகளிற் பெரும்பாலானவை, பெயர்களை மாற்றிவிட்டால், இங்கும் பொருந்தும்.

சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். 'பயணம்' என்பதே அதன் நேர்ப்பொருள். பயணம் எனப் பொருள்படும் 'சபர்' என்ற அரபுச் சொல்லே அதன் மூலம். பயணியைக் குறிக்க இலங்கை முஸ்லிம்கள் வழங்கும் 'முசாபர்' என்பதும் அம்மூலத்தின் வழிவந்ததே. கிழக்காபிரிக்காவிலே அச்சொல் நெடுங்காலம் வணிகச் சாத்துக்களையும் அவற்றில் தலைச்சுமை தூக்கி நடந்தோரையும் உள்ளடக்கி நின்றது. ஐரோப்பிய மொழிகளுள் அது புகுந்தபோது சுமந்தோர் பொருளிலிருந்து உதிர்ந்தனர்; துவக்கு ஏந்தியவரே எஞ்சினர். இன்று துவக்கின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றுள்ளது. ஒரு சொல்லுக்கு நேர்ந்த இச்சுருக்கம் ஓர் எழுத்துவகைக்கும் நேர்ந்தது என்பதும், அதன் விளைவை மாத்தளையூடாகச் செல்லும் ஒரே பாதையைப் பற்றி எழுந்த எழுத்துக்களை அருகருகே வைத்துப் படிக்கையிற் காணலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வேட்டைத் துரைமாரின் நூல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானிய வாசகரிடையே வேட்டைப் பயண நூல்கள் பெருஞ் செல்வாக்குப் பெற்றன. றுவலின் கோர்டன் கமிங் தென் ஆபிரிக்காவின் உட்பகுதியில் ஐந்தாண்டு வேட்டையாடிய அனுபவத்தை 1850இல் நூலாக்கினார். அதே தசாப்தத்திலே சாமுவேல் பேக்கரின் இலங்கை பற்றிய இரு நூல்களும் வெளிவந்தன. ஒன்று துவக்கையும் வேட்டை நாயையும் தலைப்பிலே கொண்டது. மற்றது இலங்கையில் எட்டாண்டு அலைந்த கதையைக் கூறுவது. பின்னாளில் பேக்கர் ஆபிரிக்கா சென்று, 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டு, ஆய்வுப் பயணியாகப் புகழ்பெற்றார். ஆகவே ஆபிரிக்கப் பயண எழுத்துக்கு இலங்கைக் காடு ஒரு பயிற்சிக்களமாக அமைந்தது எனல் மிகையாகாது.

பேக்கரின் எழுத்தாற்றலை மறுத்தல் நேர்மையாகாது. காட்டின் ஒலியையும் ஒளியையும், விலங்கின் அசைவையும், மலைப்பனியின் குளிரையும் அவர் கூர்ந்து நோக்கியுள்ளார். தம் அச்சத்தையும் சில இடங்களில் மறையாது கூறுகிறார். விறுவிறுப்பான கதையோட்டம் அவருக்குக் கைவந்த கலை. எனினும் அவருடைய உலகில் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை என நோக்குவது பயனுடையது. அவரது துவக்குகள் குழலின் அளவும் தோட்டாவின் நிறையும் கூறி அறிமுகஞ் செய்யப்படுகின்றன. அவரது நாய்களுக்குப் பெயருண்டு. ஸ்மட், கில்பக் முதலான நாய்களின் குணமும் வீரமும் மரணமும் தனித்தனிச் சித்திரங்களாகத் தீட்டப்படுகின்றன. கூடாரத்தையும் உணவையும் தோட்டாக்களையும் சுமந்து காட்டினூடு நடந்தோரோ பெரும்பாலும் 'கூலிகள்' என்ற பன்மைச் சொல்லுள் அடங்கிவிடுகின்றனர். அவர்கள் எண்ணிக்கையாகத் தோன்றுவர். சுமையைப் போட்டுவிட்டு ஓடும்போது நகைச்சுவையாகத் தோன்றுவர். ஆளாகத் தோன்றுதல் அரிது.

இதனைத் தனியொருவரின் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. வீரச்செயல் நூலின் அமைப்பே அதனை வேண்டி நிற்கிறது. இடரைத் தனியே எதிர்கொண்டான் என ஒரு தலைவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமாயின், அவனைச் சூழ நின்ற முப்பது பேர் வாசகனின் கண்ணிலிருந்து மறைக்கப்படல் வேண்டும். தனிமை என்பது இங்கு ஒரு நிகழ்வன்று. ஓர் எழுத்து உத்தி.

இவ்வெழுத்தின் பின்னணியிலுள்ள செயல்களின் அளவையும் மனங்கொள்ளுதல் வேண்டும். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் தரும் விவரப்படி, மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். கப்டன் கால்வே அத்தொகையின் பாதிக்கு மேல் கொன்றார். வீதி ஆணையாளரான மேஜர் ஸ்கின்னர் ஏறத்தாழ அதேயளவு கொன்றார். யானையைக் கொன்றோர்க்கு அரசாங்கமே வெகுமதி வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டது. அக்காலத்து வடமாகாணம் மாத்தளையின் வடக்கெல்லை வரை நீண்டிருந்தது என்பது கருதத்தக்கது. வடமத்திய மாகாணம் 1873இலேதான் பிரிக்கப்பட்டது. டெனன்ற் இக்கொலைகளை மெச்சியவரல்லர். யானை வேட்டையை வீரமாகக் கொள்ள அவர் தயங்கினார். நக்கிள்ஸ் மலையில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணான் ஒன்று விலங்கியலாளரால் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. அம்மலையடிவாரத்தூடு நடந்து சென்ற ஆயிரமாயிரம் பேருள் ஒருவரது பெயரேனும் அங்குள்ள எதற்கும் இடப்படவில்லை.

துவக்கும் நாயும் இருபொருள் பட்டமை

வேட்டை நூல்கள் எழுதப்பட்ட அதே காலத்திலேதான் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. 1848 யூலையில் தேசாதிபதி ரொறிங்ரனின் அரசாங்கம் துவக்கு வைத்திருப்போர் மீதும் நாய் வைத்திருப்போர் மீதும் வரி விதித்தது. கடைகளும் வள்ளங்களும் வரிக்குட்பட்டன. வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் எனவும் சட்டம் வந்தது. அம்மாத இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். மாத்தளை கிளர்ச்சியாளரின் கைக்குட்பட்டது. இராணுவச் சட்டத்தின் கீழ்க் கிளர்ச்சி அடக்கப்பட்டு, ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறையின் கொடுமை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விசாரணைக்கு உள்ளாகி, ரொறிங்ரன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

கிராமத்தவனுக்குத் துவக்கு என்பது சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கும் கருவி. நாய் இராக்காவல். இரண்டும் பிழைப்பின் பகுதி. துரைக்கோ இரண்டும் விளையாட்டின் துணைப்பொருள். அவருடைய நூலின் தலைப்பிலே இடம்பெறும் அளவுக்குப் பெருமைக்குரியவை. ஒரே இரு பொருள்கள் ஒரு பக்கத்தில் வரிக்கும் கிளர்ச்சிக்கும் காரணமாயின. மறு பக்கத்தில் இலக்கியத்துக்குப் பொருளாயின. பேக்கரின் நூலைத் தனித்துப் படிப்போர்க்கு இது புலப்படாது. 1848ஐ அருகில் வைத்துப் படிக்கும்போதே அந்நூலின் மகிழ்ச்சி எத்தகைய சலுகையின் மீது எழுந்தது என்பது துலங்கும்.

வடபாதை

கண்டியிலிருந்து மின்னேரியா போன்ற வேட்டை நிலங்களுக்குச் செல்லும் வழி மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை ஊடாகச் சென்றது. எதிர்த்திசையிலே, மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்த மற்றொரு கூட்டமும் அதே பாதையை மிதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தென்னிந்தியத் தமிழரே அவர். ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் கங்காணியின் பின்னே கால்நடையாகக் கடந்தனர். வறண்ட குளங்கள், காய்ச்சல், வாந்திபேதி, யானை, கரடி ஆகிய யாவும் வழியில் இருந்தன. வேட்டை நூல் 'இடர்' எனச் சுவைபடக் கூறும் பொருள்கள் அனைத்தும் இவர்களுக்கும் வாய்த்திருந்தன என்பது நோக்கற்பாலது. காடு ஒன்றே, வறட்சி ஒன்றே, யானையும் ஒன்றே. வேறுபட்டது ஆயத்தம். ஒருவர் கூடாரமும் கொய்னா மருந்தும் குதிரையும் கொண்டு சென்றார். மற்றவர் முன்பணக் கடனைக் கொண்டு சென்றார்.

இறந்தோர் தொகை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 1840களில் வந்தோருள் நான்கிலொரு பங்கினர், அதாவது எழுபதினாயிரம் பேர் வரை, மாண்டனர் எனக் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. வந்தோர் போனோர் கணக்கே செப்பமாக இல்லாத காலமாதலின், பின்வந்த வரலாற்றாய்வாளர் இத்தொகையை ஐயத்துடன் நோக்குவர். தொகை எதுவாயினும், வழிநெடுகப் பிணங்கள் கிடந்தமை அக்காலத்து ஆட்சியாளரையே கவலைகொள்ளச் செய்தது என்பதில் ஐயமில்லை. டொனோவன் மோல்ட்றிச் கோப்பிக்கால அடிமைநிலை பற்றி 1989இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வழிநடையின் கொடுமையை விரிவாக ஆராய்கிறது.

ஒன்றை இங்கு மிகைப்படுத்தாது கூறுதல் வேண்டும். கோப்பி பருவப்பயிராதலால், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். கையிற் சிறுபொருளுடன் மீண்டோரும் மறுமுறை வந்தோரும் இருந்தனர். எனவே வடபாதை ஒருவழிப் பாதையன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை அதனிடத்தைப் பெற்ற பின்னரே குடும்பத்தோடு நிலைகொள்ளும் வாழ்வு பெரும்பான்மையாயிற்று. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. 1914இல் தலைமன்னார் வரை இருப்புப்பாதை நீண்டது. காட்டுவழி நடை கதையாயிற்று. ஆயினும் அக்கதையை எழுதியவர் யார் என்பதே இலக்கிய மாணவர் கேட்க வேண்டிய வினா.

மலைபடுகடாம் காட்டும் முறை

காட்டுவழிப் பயணத்துக்கு ஆயத்தஞ் செய்விக்கும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்ற வகையே அதற்கென அமைந்தது. பத்துப்பாட்டுள் அடங்கும் மலைபடுகடாம் அவ்வகையில் தலைசிறந்தது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டு 583 அடிகளையுடையது. செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனிடம் செல்லும் வழியைக் கூத்தர்க்குக் கூறுவது. அதனைப் பயணத் திட்டமாகப் படிக்கும்போது அதன் நுணுக்கம் வியப்பூட்டும். பன்றிகளுக்காகத் தினைப்புனத்தருகே அமைத்த பொறிகளைக் கவனிக்கச் சொல்கிறது. பாம்புகள் உறையும் இடத்தை அறிவிக்கிறது. புனங் காப்போர் யானையை ஓட்ட வீசும் கவண்கல் படாதவாறு மரத்தின் மறைவிற் செல்லச் சொல்கிறது. வழுக்குப் பாறைகளைக் கடக்கும் முறையையும் இராப்பொழுதைக் குகையிற் கழிக்கும் வகையையும் கூறுகிறது. எவ்வூரில் எவர் எவ்வுணவு இடுவர் என்பதும் அதில் உண்டு.

இவ்வழிகாட்டலில் மூன்று பண்புகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, வழிகூறுபவன் அவ்வழியிற் சென்று மீண்டவன். நேற்றுவரை வறியவனாக இருந்து பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், தன்னைப்போன்ற வறியவனுக்கே கூறுகிறான். இரண்டாவது, சுமப்பவர் வேறு, காண்பவர் வேறு என்ற பிரிவு அங்கில்லை. கூத்தர் தம் இசைக்கருவிகளைத் தாமே தூக்கிச் செல்கின்றனர். பாட்டு அக்கருவிகளின் பட்டியலோடுதான் தொடங்குகிறது. மூன்றாவது, மலைவாழ் குறவரும் கானவரும் காட்சிப்பொருள்களல்லர், விருந்தளிப்போர். பயணியின் பாதுகாப்பு அவர்தம் நல்லெண்ணத்திலே தங்கியுள்ளது. இடர் இங்கு சுவைக்கப்படவில்லை, கடக்கப்படுகிறது.

இதனைப் பொற்காலச் சித்திரமாகக் கொண்டு மகிழ்தல் திறனாய்வாகாது. மலைபடுகடாம் ஓர் அரசனின் புகழ்ப்பாட்டு. மலைவளத்தைக் கூறுவது அவன் உடைமையின் பெருமையைக் கூறுவதுமாகும். பாணரும் கூத்தரும் புரவலரைச் சார்ந்து வாழ்ந்த நிலையை, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூல் தெளிவாக விளக்கியுள்ளது. விருந்தளித்த குறவன் தன் களஞ்சியத்தின் நிலை பற்றி என்ன எண்ணினான் என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. நடப்பவனின் பாதமும் பசியும் அப்பாட்டிலே உள்ளன. பேக்கரின் நூலிலே துரையின் களைப்பு உண்டு. நடந்தோரின் பாதம் இல்லை.

மேலும், காட்டுவழியைப் பொருள் தேடும் பிரிவோடு இணைத்துப் பாடிய பாலைத்திணை மரபும் தமிழுக்கு உண்டு. அங்கே சென்றவன் அனுபவிப்பதைவிட, வீட்டில் இருப்பவள் அவ்வழியின் கொடுமையை எண்ணி நடுங்குவதே பெரிதாகப் பாடப்படும். வடபாதைக்கு நேரான இலக்கிய முன்மாதிரி இதுவே. ஆனால் பாலையின் தலைவன் பொருளுடன் மீள்வான் என்ற நம்பிக்கை செய்யுளின் பின்னே நிற்கும். கண்டிச் சீமைக்குப் புறப்பட்டோர்க்கு அந்நம்பிக்கை கங்காணியின் வாய்ச்சொல்லில் மட்டுமே இருந்தது.

மலையக எழுத்தும் அதன் மௌனமும்

தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களிலே இப்பயணத்தின் சுவடுகள் உள. கங்காணியின் ஆசைமொழி, கடல் கடந்தமை, அட்டைக் கடி, மழை, கடன், ஊர்நினைவு ஆகியன அவற்றின் பொருள்கள். இப்பாடல்களைத் தொகுத்துப் பேணுவதிலே சி. வி. வேலுப்பிள்ளையின் பணி முதன்மையானது. 1954இல் வெளிவந்த அவரது ஆங்கிலக் கவிதை நூலும் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தையே களமாகக் கொண்டது. இப்பாடல்களின் சிறப்பு அவை இடரைக் கதையாக விரிக்காமல் ஒரு சொல்லில் அடக்கிவிடுவதில் உள்ளது. வேட்டைத் துரைக்கு ஓர் அதிகாரம் தேவைப்பட்ட இடத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஓரடி போதுமாயிற்று. நேரமும் தாளும் இல்லாதவரின் சிக்கனம் அது.

உரைநடைப் புனைகதை வேறு திசையிற் சென்றது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' முதல், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' ஊடாக, ஈழத்து மலையக எழுத்தாளர்களின் சிறுகதைகள் வரை, தோட்டத்து வாழ்வின் துன்பமே மையப்பொருளாயிற்று. மாத்தளை மண்ணிலிருந்து எழுதிய மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோரும் இம்மரபை வளப்படுத்தியவர்களே. லயமும் மடுவமும் பிரட்டுக்களமும் இவ்வெழுத்துக்களால் தமிழ் இலக்கியத்தின் நிலமாயின. இது பெருஞ் சாதனை. எனினும் வடபாதை என்ற நெடுவழி, அதன் நீளத்துக்கும் துயருக்கும் ஈடான ஒரு பெரும் படைப்பைப் பெறவில்லை என்றே கூறல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழி நடந்தோர் எழுதவில்லை, எழுதியோர் நடக்கவில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகள் எழுதத் தொடங்கியபோது, உடனடித் தேவையாக இருந்தது குடியுரிமையும் கூலியும் குடியிருப்புமே. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியதும், 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இலங்கையில் ஏற்கவும் வகுத்ததும் பழைய பாதையை மறக்கச் செய்தன என்பதைவிட, அதனைத் தலைகீழாக்கின என்பதே பொருந்தும். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அச்சொல்லிலே ஒரு பயண இலக்கியம் முழுவதும் உறைந்து கிடக்கிறது.

பாதையின் நினைவு எழுத்திலே குறைந்தபோதும் வழிபாட்டிலே நிலைத்தது. மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயில், வடபாதையால் வந்தோர் காட்டைக் கடந்து பிழைத்ததற்கு நன்றி செலுத்தி வணங்கிய இடமாக மக்கள் நினைவில் வழங்குகிறது. காடு முடிந்து மலை தொடங்கும் வாயிலில் அம்மன் அமர்ந்திருப்பது, பயணக் குறிப்பு எழுதும் வழியற்ற மக்கள் தம் பயணத்தைப் பதிந்து வைத்த முறையெனலாம்.

எழக்கூடிய மறுப்பு

வேட்டை நூலிடம் தொழிலாளர் வரலாற்றை எதிர்பார்ப்பது நியாயமா என ஒருவர் வினவலாம். ஒவ்வொரு நூலும் தான் எடுத்துக்கொண்ட பொருளை எவ்வளவு திறம்படக் கூறுகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடத்தக்கது என்பது அவர் வாதம். அதில் உண்மையுண்டு. பேக்கர் கூலிகளைப் பற்றி ஆய்வு நூல் எழுதியிருத்தல் வேண்டும் என எவரும் கேட்கவில்லை. ஆனால் காட்டை உள்ளவாறு காட்டுவதாகக் கூறும் நூல், அக்காட்டிலே தன்னருகே நடந்தோரைக் காணாதுவிடுமாயின், அது அந்நூலின் பொருளுக்குப் புறம்பான குறையன்று. அதன் நோக்குக் கூர்மையிலுள்ள குறையேயாகும். லெனாட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல், தென்னிலங்கைக் காட்டுக் கிராமத்தைப் பொருளாகக் கொண்டது. அரச அதிகாரியாக இருந்த வெளிநாட்டவரே அவரும். ஆயினும் அந்நூலில் சிலிந்து என்ற வேடன் பெயரும் அச்சமும் சினமும் உடைய மனிதனாக நிற்கிறான். காடு அவனுக்கு விளையாட்டிடமன்று. ஆகவே காணுதல் இயலாத செயலன்று. காலத்தின் மீது முழுப் பழியையும் சுமத்திவிடவும் முடியாது.

இன்றைய பயண எழுத்துக்கு

இவ்வாராய்ச்சி பழைய நூல்களோடு நின்றுவிடுவதன்று. ஆபிரிக்காவின் தென்பகுதியிலே மகுலேகே மக்கள் ஏறத்தாழ 3,000 பேர், குரூகர் பூங்காவை விரிப்பதற்காக 1969இல் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1998இல் அந்நிலத்தின் உரிமை அவர்களுக்கு மீண்டது. அவர்கள் அதனைப் பூங்காவின் பகுதியாகவே வைத்திருந்து, உல்லாசப் பயணத்தின் வருவாயிற் பங்கு பெறும் வழியைத் தேர்ந்தனர். அங்கு செல்லும் பயணிக்கு எம்மாதத்தில் யானை காணலாம் என்று மட்டும் கூறும் நூலும், இது யாருடைய நிலம் என்பதையும் சேர்த்துக் கூறும் நூலும் ஒன்றாகா.

மாத்தளைக்கு வருவோரிடமும் இவ்வளவையாவது கூறும் எழுத்து வேண்டும். றிவஸ்டன் மலையின் பனியும் வஸ்கமுவ யானையும் சிகிரியாவின் ஓவியமும் மெய்யான அழகுகளே. அவற்றைக் காண விரும்புவதில் தவறில்லை. ஆனால் தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரும் வீதியைச் 'சிறந்த வாகனப் பாதை' என்ற ஒரு தொடரிலே முடித்துவிடும் வழிகாட்டி, பேக்கரின் பன்மைச் சொல்லையே மீண்டும் எழுதுகிறது. நக்கிள்ஸ் காட்டின் நிழலிலே ஏலம் பயிரிட்டோர் யார், பாதுகாப்புச் சட்டத்தால் அப்பிழைப்பை இழந்தோர் யார், ஜீப்பின் பின்னே நாளெல்லாம் நின்று விலங்கின் தடம் காட்டுபவரின் கூலி என்ன ஆகிய வினாக்களும் பயணத் திட்டத்தின் பகுதியே.

மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்ததன் இருநூறாவது ஆண்டினை முன்னிட்டு, 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. 252 கிலோமீற்றர் தூரத்தைப் பதினாறு நாட்களிற் கடந்தனர். நாளொன்றுக்கு எவ்வளவு நடப்பது, எங்கே தங்குவது, உணவு யார் தருவது என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டன. அவ்வகையில் அதுவும் திட்டமிட்ட பயணமே. விரும்பி ஏற்ற சிரமமே. ஆனால் அதன் திட்டம் வேட்டைத் துரையினுடையதைப் போன்றதன்று. வழியிலுள்ள ஊரவர் விருந்தளிப்போராயினர். நடந்தோர் தம் சுமையைத் தாமே தூக்கினர். முன் நடந்தோரின் நினைவே வழிகாட்டியாயிற்று. மலைபடுகடாத்தின் மூன்று பண்புகளும், அரசனின் பரிசில் ஒன்று நீங்கலாக, அங்கே காணப்பட்டன. பரிசிலின் இடத்திலே நிலம், வீடு, கூலி, மொழியுரிமை பற்றிய கோரிக்கைகள் இருந்தன.

அந்நடையின் நாட்குறிப்புகளும் நேர்முகங்களும் நாளிதழ்ச் செய்திகளாகச் சிதறிவிடாமல், தமிழிலே ஒரு முறையான பயண நூலாக உருப்பெறுதல் வேண்டும். அதனை எழுதுவோர் பேக்கரிடமிருந்து கற்பதற்கும் உண்டு: ஒலியையும் ஒளியையும் உடலின் களைப்பையும் சோம்பாது குறித்தல். பெருங்கௌசிகனாரிடமிருந்து கற்பதற்கு அதனினும் மிகுதி. கொழுந்து பறித்தோர் பாடல்களிடமிருந்து கற்க வேண்டியது சொற்சிக்கனம். இம்மூன்றும் ஓரிடத்திற் சேருமாயின், மாத்தளைக் காட்டுவழி பற்றிய தமிழ் நூலொன்று, துரைமாரின் நூல்களுக்கு நூற்றெழுபது ஆண்டுகள் பிந்தியாயினும், அவை காணாதுவிட்டோரைப் பெயரோடு கூறும் நூலாக அமையும்.